வைஃபை இருக்கிறது, நெட் ஏன் வரவில்லை?

போனில் வைஃபை கோடுகள் நிறைந்திருக்கும், ஆனால் ஒரு பக்கம்கூடத் திறக்காது. அந்தக் கோடுகள் காட்டுவது போனுக்கும் ரவுட்டருக்கும் இடையே உள்ள சிக்னலை மட்டும்தான். ரவுட்டருக்கு அப்பால் இணையம் வருகிறதா என்பதை அவை காட்டுவதில்லை. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

வெளியிலிருந்து வரும் கேபிள் சிக்னலைக் கருவிகளுக்குப் புரியும் தரவாக மாற்றுவது மோடம். அதை வீட்டுக்குள் பகிர்ந்து கொடுப்பது ரவுட்டர். இப்போது பல வீடுகளில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன.

வைஃபையில் சேர்ந்ததும் போன் தனக்கு ஒரு ஐபி முகவரி கேட்கும். வலையில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண் அது. ரவுட்டரில் இருக்கும் டிஹெச்சிபி என்ற சேவை 192.168.1.5 போல ஒன்றைக் கொடுக்கும். கூடவே கேட்வே முகவரியையும் சொல்லும். கேட்வே என்பது வெளியே போகும் வழி. வீட்டில் அது ரவுட்டர்தான்.

சரி, இதே 192.168.1.5 உலகில் எத்தனையோ வீடுகளில் இருக்குமே, தரவு எப்படி இடம் மாறாமல் வந்து சேர்கிறது? ஐபி முகவரியின் பழைய வகையான ஐபிவி4, 32 பிட் கொண்டது. மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான், உலகத்துக்குப் போதாது. அதனால் சில வரிசைகளை வீடு, அலுவலகங்களின் உள் உபயோகத்துக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். உங்கள் போன் ஒரு பக்கத்தைக் கேட்டால், அந்தக் கோரிக்கையைச் சுமக்கும் பாக்கெட்டில் (தரவுப் பொட்டலம்) ரவுட்டர் போனின் முகவரியை எடுத்துவிட்டுத் தன் வெளி முகவரியைப் போடும். கேட்டது எந்தக் கருவி என்பதை ஒரு போர்ட் எண்ணோடு அட்டவணையில் குறித்துக்கொள்ளும். பதில் அந்த எண்ணுக்குத் திரும்பியதும் அட்டவணையைப் பார்த்து உரிய கருவிக்கு அனுப்பிவிடும். இதற்குப் பெயர் நேட். வீட்டில் நாலு பேர் ஒரே நேரத்தில் வீடியோ பார்த்தாலும் ஒருவருடையது இன்னொருவருக்குப் போவதில்லை. அந்தச் சின்னப் பெட்டி செய்யும் வேலைகளில் என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான். புதிய ஐபிவி6 முகவரி 128 பிட் என்பதால் அங்கே இந்தத் தட்டுப்பாடு இல்லை.

அப்புறம் டிஎன்எஸ். நாம் தட்டுவது தளத்தின் பெயர், கணினிக்குத் தேவை ஐபி எண். பெயருக்கு உரிய எண்ணைத் தேடித் தரும் இந்த ஏற்பாட்டை 1983-இல் வடிவமைத்தவர் பால் மொக்கபெட்ரிஸ். இது படுத்துவிட்டால், லைன் நன்றாக இருந்தும் எந்தத் தளமும் திறக்காது.

இனி நெட் வராதபோது முதலில் கணினியின் ஐபி முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் டிஹெச்சிபியிடமிருந்து பதில் வரவில்லை, கணினி தானாகவே ஒரு முகவரியை வைத்துக்கொண்டது என்று பொருள். ரவுட்டரை அணைத்துப் போட்டுப் பாருங்கள். முகவரி சரியாக இருந்தால், ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று சோதிக்கும் பிங் கட்டளையில், கூகுளின் டிஎன்எஸ் முகவரியான 8.8.8.8 கொடுங்கள். பதில் வந்தும் தளங்கள் திறக்கவில்லையா? கோளாறு பெரும்பாலும் டிஎன்எஸ்ஸில்தான். அமைப்புகளில் டிஎன்எஸ் முகவரியை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என மாற்றிப் பார்க்கலாம். பதிலே வராவிட்டால் கேட்வே முகவரிக்குப் பிங் செய்யுங்கள். ரவுட்டர் பதில் சொல்கிறது, வெளியே மட்டும் எதுவும் போகவில்லை என்றால் பழுது அநேகமாக வெளி இணைப்பில் இருக்கும். சேவை நிறுவனத்தைக் கூப்பிட்டு இதை அப்படியே சொல்லுங்கள்.