காயலான் கடைக்கு அனுப்பும் முன் ஒரு தடவை காட்டுங்கள்

போன வாரம் கும்பகோணத்தில் ஒரு காயலான் கடைக்குப் போயிருந்தேன். பிரிண்டர், கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன் நான்; மாதம் ஒரு முறை போவது வழக்கம். கம்பெனிகள் கைவிட்ட மாடல்களுக்கு ஸ்பேர் வேறெங்கும் கிடைக்காது. பழைய பேப்பர் கட்டுகளுக்கும் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கும் நடுவே ஒரு இங்க் டேங்க் பிரிண்டர் கவிழ்ந்து கிடந்தது. நிமிர்த்திப் பார்த்தால் பின்பக்கத்தில் என் கையெழுத்தில் சர்வீஸ் தேதி. டேங்க்கில் முக்கால்வாசி மை அப்படியே இருந்தது. கடைக்காரரிடம் ஒரு ஒயர் வாங்கிச் செருகினேன். உடனே ஆன் ஆனது. இரண்டு விளக்குகள் மாறி மாறி மின்னின. அதற்கு மேல் நான் எதையும் சோதிக்க வேண்டியிருக்கவில்லை.

பொங்கலுக்குப் பிறகு இப்படி நான் பார்த்த நான்காவது பிரிண்டர் இது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த வகைப் பிரிண்டரில் ஒரு நாள் இப்படி விளக்குகள் மின்னும், கம்ப்யூட்டர் திரையில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வரும். ஏதோ ஒன்றின் 'ஆயுள் முடிந்துவிட்டது' என்று இருக்கும். படிப்பவர்கள் அந்த ஆயுள் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். "சார், பிரிண்டரே லைஃப் முடிஞ்சுதுன்னு சொல்லிடுச்சு" என்று என்னிடமே எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். தயவுசெய்து முழு வரியையும் படியுங்கள். முடிந்தது பிரிண்டரின் ஆயுள் இல்லை. உள்ளே இருக்கும் ஒரு பஞ்சின் ஆயுள்.

பேப்பரில் மையைத் தெளிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் பிரிண்டர் கொஞ்சம் மையை உறிஞ்சி வெளியே தள்ளும். அந்தக் கழிவு மையைக் குடிப்பதற்கு அடியில் ஒரு பஞ்சுத் திண்டு இருக்கிறது. எவ்வளவு மை போனது என்று பிரிண்டர் உள்ளுக்குள் கணக்கு வைத்துக்கொள்ளும். கணக்கு நிறைந்ததும், மை வழிந்து மேஜையில் ஓடக்கூடாது என்பதற்காகத் தானே நின்றுவிடும். இவ்வளவுதான் விஷயம். ஹெட் நன்றாக இருக்கும், மோட்டார் நன்றாக இருக்கும், போர்டு நன்றாக இருக்கும். பஞ்சை மாற்றிக் கணக்கைப் பூஜ்யமாக்கினால் மறுபடி ஓடும். அரை மணி நேர வேலை. வீட்டில் கழிவுநீர்த் தொட்டி நிறைந்தால் லாரி கூப்பிடுவோமா, வீட்டை இடிப்போமா?

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வீடியோ பார்த்துவிட்டு ஏதோ ஒரு தளத்திலிருந்து ரீசெட் சாப்ட்வேர் இறக்கிக் கணக்கை மட்டும் அழிப்பவர்கள் இருக்கிறார்கள். அதை நம்பி இறக்கியதில் அலுவலகக் கம்ப்யூட்டர் முழுக்க வைரஸ் ஏறிய கதையும் உண்டு. பஞ்சை மாற்றாமல் கணக்கை மட்டும் அழித்தால் சில மாதத்தில் அடியில் மை ஒழுகும். அடியில் வைத்திருக்கும் கோப்புகள் கெடும். அப்புறம் அதற்கும் பிரிண்டரைத் திட்டுவார்கள்.

பெரும்பாலான மெஷின்களுக்கும் இதே கதைதான். ஒரு மெஷின் நின்றுபோனால் ஏதோ ஒரு சின்னப் பாகம் தேய்ந்திருக்கும் அல்லது அழுக்கேறியிருக்கும். 2005-ல் வந்த எச்பி 1020 லேசர் பிரிண்டர்கள் எங்கள் பக்கம் எத்தனையோ அலுவலகங்களில் இன்னும் ஓடுகின்றன. பேப்பர் எடுக்கும் ரப்பர் ரோலர், சூடாக்கும் இடத்தில் இருக்கும் பிலிம், இரண்டையும் அவ்வப்போது மாற்றினால் போதும். பேப்பர் இழுக்கவில்லை என்றால் பெரும்பாலும் அந்த ரோலர் வழவழப்பாகிவிட்டது என்று அர்த்தம். ஈரத் துணியால் துடைத்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

போன குறுவை அறுவடை சமயத்தில் நீடாமங்கலம் பக்கம் ஒரு அரிசி ஆலையிலிருந்து போன் வந்தது. எடை மேடையில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், அதாவது ஊசிகளால் மை ரிப்பனைத் தட்டி அச்சடிக்கும் வகை, நின்றுவிட்டது. வெளியே நெல் லாரிகள் வரிசையில் நிற்கின்றன. "தம்பி, இதத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்கிறேன், எதை வாங்கலாம்னு மட்டும் சொல்லு" என்றார் முதலாளி. "நான் வந்து பாத்துட்டுச் சொல்றேண்ணே, அதுவரைக்கும் வாங்காதீங்க" என்று கிளம்பினேன்.

மூடியைத் திறந்தால், ஹெட் ஓடும் கம்பி முழுக்கக் கறுப்புப் பசை. ஹெட்டைக் கையால் தள்ளினால்கூட நகரவில்லை. யாரோ நல்ல எண்ணத்தில் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். ஆலையில் பறக்கும் தவிட்டுத் தூசி அதில் ஒட்டி, நாள்பட்டு இறுகிப்போயிருந்தது. ஸ்பிரிட்டில் துணியை நனைத்து நான்கு முறை துடைத்தேன். துணி கறுப்பானது, கம்பி பளபளத்தது, விரலால் தட்டினால் ஹெட் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வழுக்கிக்கொண்டு போனது. அடித்துப் பார்த்தோம். சீட்டு வந்தது. ஆனால் ஒவ்வொரு வரியிலும் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. ஹெட்டில் இருக்கும் 9 ஊசிகளில் ஒன்று வெளியே வரவில்லை. நடுக்கோடு போனால் 8-க்கும் 0-க்கும் வித்தியாசம் தெரியாது. எடைச் சீட்டில் 8 எது, 0 எது என்று தெரியாவிட்டால் விவசாயிக்கும் ஆலைக்கும் சண்டைதான். விசாரித்தால், ரிப்பன் கிழிந்து பல நாள் ஆகியிருக்கிறது. ரிப்பனில் இருக்கும் மைதான் ஊசிக்கு வழவழப்புக் கொடுக்கிறது. காய்ந்துபோன ரிப்பனை வைத்தே ஓட்டினால் ஊசி இறுகும், கிழிசலில் சிக்கினால் ஒடியும். ஹெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து, புது ரிப்பன் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு மணி நேரத்துக்குள் லாரிகள் நகர்ந்தன.

எங்கள் டெல்டாவுக்கென்றே சில தொல்லைகள் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் "பேப்பர் சிக்குது, பிரிண்டர் போச்சு" என்று போன் வந்தால் முதலில் பேப்பரைத் தொட்டுப் பாருங்கள் என்பேன். பிரித்த கட்டைத் திறந்த அலமாரியில் வைத்தால் ஈரம் இழுத்துத் தொய்ந்துபோகும். உறையோடு மூடி வையுங்கள், தேவையானதை மட்டும் எடுங்கள். யூபிஎஸ் வெடித்தது என்பார்கள். திறந்தால் போர்டின் மேல் பல்லி கருகிக் கிடக்கும். எலி, எறும்பு, பல்லி இந்த மூன்றும் கெடுத்த அளவுக்கு இடி மின்னல்கூடக் கெடுத்ததில்லை என்பது என் அனுபவம். கம்ப்யூட்டரில் தேதி தினமும் பழைய வருஷத்துக்கே போகிறதா? உள்ளே இருக்கும் 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். அதற்காகக் கம்ப்யூட்டரையே மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது புதிதாக ஒரு காரணம் சேர்ந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்த வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட்டுகள், 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்காக நன்றாக ஓடும் கம்ப்யூட்டர்களைக் கூண்டோடு கழிக்கிறார்கள். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தால் கடிதம் அடிப்பதற்கும் இணையம் பார்ப்பதற்கும் இன்னும் சில வருஷம் தாராளமாக உழைக்கும்.

எங்கள் ஆட்கள் மேலும் தவறு இருக்கிறது. திருகைக்கூடக் கழற்றாமல் "போர்டு போச்சு சார்" என்று சொல்லும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அப்படிச் சொன்னால் எந்தப் பாகம், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் வேறொருவரிடம் காட்டுங்கள். நிஜமாகவே சரிசெய்ய முடியாதவையும் உண்டு. போர்டு கருகி ஓட்டை விழுந்திருந்தால் நானே வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

தூக்கிப் போட்டது எங்கே போகிறது என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வாய்க்கால் கரையில் ஒயர்களைக் குவித்துக் கொளுத்துகிறார்கள். மேலுறை எரிந்து செம்பு மட்டும் மிஞ்ச வேண்டும் என்பதற்காக. அந்தப் புகை நஞ்சு. கொளுத்துகிற பையன்தான் முதலில் அதைச் சுவாசிக்கிறான். யூபிஎஸ் பேட்டரியை உடைத்து, ஈயத்தை எடுத்துக்கொண்டு ஆசிட்டை மண்ணில் கொட்டுகிறார்கள். அடுத்த மழையில் அது வாய்க்காலுக்குப் போகும், வாய்க்காலிலிருந்து வயலுக்குப் போகும். மேட்டூரிலிருந்து எப்போது தண்ணீர் வரும் என்று காத்திருக்கிற ஊர் இது. வருகிற தண்ணீரில் ஈயத்தைக் கலக்கலாமா?

ஆகவே, பேட்டரியைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். புதுப் பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுங்கள், விலையில் கழித்துக்கொள்வார்கள். 2022-ல் வந்த மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. இனி உதவாது என்று உறுதியான பொருளைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதுதான் முறை. யூபிஎஸ்ஸையும் பழைய டப்பா மானிட்டரையும் நீங்களே திறக்காதீர்கள். ஒயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். லேசர் பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் அணைத்துவிட்டு, சூடு ஆறும்வரை பொறுங்கள். இங்க் பிரிண்டரில் வாரத்துக்கு ஒரு கலர் பக்கமாவது அடியுங்கள், சும்மா கிடந்தால் ஹெட் அடைத்துக்கொள்ளும். ரிப்பன் மங்கினால் அன்றே மாற்றுங்கள்.

கம்ப்யூட்டரைக் கழித்தே ஆக வேண்டும் என்றால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். பைல்களை அழித்துவிட்டோம் என்பது போதாது, அழித்ததைத் திரும்ப எடுக்க முடியும். ஊர் மக்களின் ஆதார் நகலும் பட்டாவும் பேங்க் பாஸ்புக்கும் அதில்தான் இருக்கின்றன.

அந்தப் பிரிண்டரை நான் எடைக்கு எடை காசு கொடுத்து எடுத்து வந்தேன். பஞ்சு மாற்றியாகிவிட்டது. இதை எழுதும்போது பக்கத்து மேஜையில் சோதனைப் பக்கங்கள் அடித்துக்கொண்டிருக்கிறது, நான்கு நிறமும் விடாமல் விழுகின்றன. போட்டவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். நாளை போன் செய்து, புதுசு இன்னும் வாங்கவில்லையென்றால் இதையே வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லப் போகிறேன்.