‘ரோடே முடிவு பண்ணட்டும்’ என்று சொல்லி அணியைக் கெடுக்காதீர்கள்

சைக்கிள் ரேஸ். முன்னால் அணிக்காரர் ஒருவர் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறார். இடைவெளி 35 விநாடி. பின்னால் துரத்தும் கூட்டத்தின் தலைக்கு வந்து, மற்றவர்களுக்காகக் காற்றை முகத்தில் வாங்கி இழுத்து, அந்த இடைவெளியை மூடுகிறவர் யார் என்று பார்த்தால் அதே ஜெர்சி! ரேஸ் முடிந்ததும் ஏன் இழுத்தீர்கள் என்று கேட்டால், “கால் நல்லா இருந்துச்சு சார்” என்பார்கள். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இந்த சீசனில் மறுபடியும் கேட்க நேர்ந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வீரரை மட்டும் திட்டிப் பயனில்லை. அவருடைய தவறு முந்தைய நாள் இரவு மீட்டிங்கிலேயே தொடங்கிவிட்டது. இருவருமே நல்ல ஃபார்மில் இருக்கிறார்கள், ஒருவரைச் சொன்னால் மற்றவர் முகம் சுருங்கும். அதனால் அணியின் டைரக்டர், “ரெண்டு பேரும் லீடர்தான், ரோடே முடிவு பண்ணட்டும்” என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறார். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஒரே ஏற்றம், ஒரே வெயில், வலுவானவர் முன்னால் போவார், மற்றவர் ஏற்றுக்கொள்வார் என்று எல்லோரும் தலையாட்டுகிறார்கள்.

இந்த ஒரு நம்பிக்கைதான் என்னை அதிகம் கோபப்படுத்துகிறது. தனித்தனியாக ஓட்டும் டைம் டிரயலில் அது சரி. கூட்டமாக ஓட்டும் ரேஸில் முழுத் தவறு. சாலை ரேஸில் எழுதாத விதி ஒன்று உண்டு: உன் அணிக்காரன் முன்னால் இருந்தால் நீ துரத்தாதே. இதை எல்லா அணிகளும் மதிக்கின்றன, மதித்தே ஆக வேண்டும். இப்போது இரண்டு லீடர்களை ஒரே அணியில் வையுங்கள். முதலில் அட்டாக் பண்ணுகிறவர், அதாவது திடீரென்று வேகமெடுத்துப் பிரிந்து போகிறவர், அடுத்தவரின் கையைக் கட்டிவிட்டுப் போகிறார். பின்னால் நிற்பவருக்கு எவ்வளவு பலம் இருந்தாலும் அவர் துரத்த முடியாது. துரத்தினால் துரோகி, துரத்தாவிட்டால் ரேஸே போச்சு. ஆக, ரோடு அளப்பது வலுவை அல்ல. யார் முந்திக்கொண்டு பேச்சை மீறினார் என்பதைத்தான் அது அளக்கிறது. விதியை மதித்தவர் தோற்கிறார், மீறியவர் ஜெயிக்கிறார். இந்தப் பாடத்தை அணியில் உள்ள மற்றவர்களும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

1986 டூர் டி பிரான்ஸ் இதற்குப் பாடப்புத்தகம். முந்தைய ஆண்டு பெர்னார் ஹினோவின் ஐந்தாவது வெற்றிக்கு கிரெக் லெமாண்ட் உழைத்தார், ஒரு நிமிடம் 42 விநாடி பின்னால் இரண்டாவதாக முடித்தார். அடுத்த ஆண்டு உனக்காக ஓட்டுகிறேன் என்று ஹினோ வாக்குக் கொடுத்தார். ஆனால் 86இல் போ நகரில் முடிந்த கட்டத்தில் (கட்டம் என்றால் ஒரு நாள் ஓட்டம்) பெட்ரோ டெல்கடோவோடு பிரிந்து போனார், மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவருக்கான மஞ்சள் ஜெர்சியோடு 5 நிமிடத்துக்கும் மேல் முன்னிலையும் எடுத்தார். லெமாண்ட் என்ன செய்ய முடியும்? முன்னால் போவது தன்னுடைய லா வி கிளேர் அணிக்காரர். கூட்டத்தில் உட்கார்ந்து பார்க்கத்தான் முடியும். மறுநாளும் ஹினோ தனியாகக் கிளம்பி, கால் தீர்ந்து, சூப்பர்பான்யேர் ஏற்றத்தில் அந்த முன்னிலையில் பெரும்பகுதியை இழந்தார். லெமாண்ட் கடைசியில் 3 நிமிடம் 10 விநாடியில் வென்றதால் எல்லாம் சுபம் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். இல்லை. ஹினோ மறுநாள் அளவுக்கு மீறிப் போகாமல் இருந்திருந்தால், வலுவான வீரர் தன் நேர்மைக்காகவே அந்த டூரைத் தோற்றிருப்பார்.

சாலை பல நேரம் காற்றையும் அளக்கும். 2009 டூரில், லா கிரோந்த்-மோத்துக்குப் போன மூன்றாம் கட்டத்தில் பக்கக் காற்று கூட்டத்தைப் பிளந்தது. ஆஸ்தானா அணியின் ஆம்ஸ்ட்ராங் முன் குழுவில், கொன்டடோர் பின் குழுவில். முன்னால் இருந்த ஆஸ்தானா வீரர்கள் தம் லீடர் கொன்டடோருக்காகக் காத்திருக்கவில்லை, அவர்களும் சேர்ந்து இழுத்தார்கள். கொன்டடோருக்கு 41 விநாடி நஷ்டம். யார் ஏற்றத்தில் வலுவானவர் என்பதற்கும் அன்றைய பிளவுக்கும் துளி சம்பந்தம் இல்லை, ஒரு வளைவில் பத்து இடம் முன்னால் இருந்ததுதான் வித்தியாசம். வெர்பியே ஏற்றம் வந்தபோது கொன்டடோர் எல்லோரையும் விட்டுவிட்டுப் போனார். ஆனால் அதற்குள் அந்த அணி இரண்டாகிவிட்டிருந்தது.

நேர் எதிரான விபத்தும் உண்டு. 1987 ஜிரோவில் (இத்தாலியின் பெரிய ரேஸ்) கரேரா அணியின் விசென்டினி முதலிடத்துக்கான பிங்க் ஜெர்சியில் இருக்க, சப்பாதாவுக்குப் போகும் வழியில் அதே அணியின் ஸ்டீபன் ரோச் முன்னால் போனார். அணி கூட்டமாகச் சேர்ந்து தன் ஆளையே துரத்தியது. ரோச்சுக்கு அணியில் நின்ற ஒரே ஆள் எடி ஷெப்பர்ஸ். அன்று மாலை விசென்டினி பல நிமிடங்களை இழந்தார், ஜெர்சி ரோச்சுக்குப் போனது. கோப்பை அணிக்கு வந்தது உண்மைதான். ஆனால் துரத்தி உழைத்த அந்த ஆறேழு பேரின் சக்தி யாருக்குப் பயன்பட்டது? யாருக்குமே இல்லை.

ஸ்பெயினின் பெரிய ரேஸான வுவெல்டாவின் 2023 ஓட்டத்தைப் பற்றிப் பேசினால் இன்னும் சிலர் முகம் திருப்புவார்கள். அதே ஆண்டு தன் அணியின் ரோக்லிச்சுக்கு ஜிரோவிலும் விங்கேகோருக்கு டூரிலும் ஏற்றங்களில் உழைத்தவர் செப் குஸ். வுவெல்டாவில் அவரே முதலிடத்துக்கான சிவப்பு ஜெர்சியில். ஆங்லிரு ஏற்றத்தில் அந்த இருவரும் அவரை விட்டுவிட்டுப் போனார்கள். வேறு அணிக்காரரான மிகேல் லாண்டாவின் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குஸ் மேலே வந்தபோது அவர் முன்னிலையில் மிச்சம் இருந்தது 8 விநாடி. அதன் பிறகுதான் அணி உட்கார்ந்து பேசி, குஸ்ஸுக்காக ஓட்டுவது என்று முடிவெடுத்தது. 17 விநாடியில் அவர் வென்றார், முதல் மூன்று இடமும் ஒரே அணிக்கு. பேசுவதற்கு 17ஆம் கட்டம் வரை காத்திருந்தது ஏன் என்பதுதான் என் கேள்வி. ஜெர்சி அவர் தோளில் ஏறியது 8ஆம் கட்டத்தில்.

மோவிஸ்டார் அணி 2018 டூருக்கு கின்டானா, லாண்டா, வல்வெர்டே என மூன்று லீடர்களைக் கொண்டுபோனது. அணிப் பட்டியலில் முதலிடம், தனிநபர் பட்டியலில் லாண்டாவின் ஏழாம் இடம்தான் மேல். கணக்கு எளிது. டூர், ஜிரோ, வுவெல்டா என்ற மூன்று பெரிய டூர்களில் 2018 முதல் அணிக்கு 8 பேர்தான். ஒரு லீடருக்குச் சமதளத்தில் காற்றைத் தடுக்க இரண்டு பேர், நடுவில் தண்ணீர் கொண்டுவர ஒருவர், கடைசி ஏற்றத்துக்கு இரண்டு பேர் வேண்டும். இரண்டாவது லீடருக்கே ஆள் போதாது, மூன்றாமவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதெல்லாம் ஈகோ பிரச்சினை என்று சொல்லித் தப்பிக்காதீர்கள். ஈகோ இல்லாதவர் இந்தத் தொழிலுக்கு வரமாட்டார். உள்ளே வேலை செய்வது வேறு. உலக சைக்கிள் சங்கமான யுசிஐயின் புள்ளிகள் தனி ஆளின் பெயரில்தான் விழுகின்றன. ஒப்பந்தம் முடியும் ஆண்டில் இருக்கும் டொமெஸ்டிக்குக்கு (லீடருக்காக உழைக்கும் வீரருக்கு), லீடருக்கு உழைத்து 40ஆவது இடத்தில் வருவதைவிட, ஒதுங்கி நின்று 9ஆவது இடத்தில் வருவது அடுத்த ஆண்டுச் சம்பளம். அணி மாற்றங்களை அறிவிக்கத் தொடங்கும் ஆகஸ்ட் 1 கழிந்து, வேறு அணிக்குப் போவது அறிவிக்கப்பட்டுவிட்டால் இந்த இழுபறி இன்னும் கூடும். அவரைக் குறை சொல்லும் முன், அவர் செய்த வேலைக்கு உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். பரிசுப் பணத்தை அணியோடு பகிரும் பழக்கம் சும்மா வரவில்லை. டூரை வெல்பவருக்கு 5 லட்சம் யூரோ, வென்றவர் தன் பங்கையும் உழைத்தவர்களுக்கே விட்டுக்கொடுப்பது வழக்கம்.

இனி செய்ய வேண்டியவை.

முதல் நாள் இரவே பெயரைச் சொல்லுங்கள். லீடர் யார், அவருக்குப் பின் யார், எந்த இடத்தில் மாறும் என்பதை எண்ணில் சொல்லுங்கள். “மோசமான நாளாக இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்” என்பது எண் அல்ல. “இந்த ஏற்றத்தின் உச்சியில் லீடர் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் பின்னால் இருந்தால் இரண்டாமவர் போகலாம், அதற்கு முன் போகக் கூடாது” என்றால் அது எண். அதைச் சீட்டில் எழுதி, ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மில் ஒட்டச் சொல்லுங்கள். மாற்றும் அதிகாரம் பின்னால் வரும் அணிக் கார்களில் முதல் காரில் இருக்கும் ஒரே ஒருவருக்கு. ஒரே ரேடியோவில் இரண்டு குரல் வந்தால் வீரர் தனக்குப் பிடித்த குரலைத்தான் கேட்பார்.

பஞ்சர் ஆனால் யார் நிற்பது என்பதும் அப்போதே முடிவாக வேண்டும். டிஸ்க் பிரேக் வந்தபின் சக்கரம் மாற்றுவது மெதுவாகிவிட்டது. கார் தூரத்தில் இருந்தால் அணிக்காரரின் சைக்கிளையே வாங்கிக்கொண்டு போவதுதான் வேகம். சீட் உயரம் ஒரு சென்டிமீட்டருக்குள் பொருந்துகிறவரை லீடர் பக்கத்தில் ஓட்டவையுங்கள். கிளப் அணிகளே, உங்களில் ஆளுக்கொரு பெடல் மாட்டியிருக்கிறீர்கள்! ஷூ பூட்டாத சைக்கிளைக் கொடுத்து என்ன பயன்? சீசன் தொடங்கும் முன் ஒரே வகை பெடலுக்கு மாறுங்கள்.

அணிக்காரர் முன்னால் பிரேக்கில், அதாவது கூட்டத்தை விட்டுப் பிரிந்து போன குழுவில், இருந்தால், துரத்தும் வரிசையில் மூன்றாவது நான்காவது சக்கரத்தில் உட்காருங்கள், முறை வந்தால் வேலை செய்யாதீர்கள். எதிரணிக்காரர் கிளம்பினால் அவர் பின்சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு போங்கள், ஒரு பெடல்கூட அவருக்கு உதவாதீர்கள். நீங்களே முன்னால் சேர வேண்டுமானால் தனியாகச் சேருங்கள். இடைவெளி 20 விநாடிக்குள் இருக்கும்போது, மற்றவர்கள் இழுத்து ஓய்ந்த நொடியில், சாலையின் மறு ஓரத்தில் முழு வேகத்தில் போங்கள். பத்து விநாடி கழித்து அக்குளுக்குக் கீழே பின்னால் பாருங்கள். ஒரு முன்சக்கரம் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். எதிரியை ஏற்றிக்கொண்டு போய் அணிக்காரரிடம் சேர்ப்பதைவிடக் கேடான உதவி இல்லை. அதே நேரம் முன்னால் இருப்பவர் பிடிபடப் போவது உறுதியானால் கையைக் கட்டிக்கொண்டு இருக்காதீர்கள். பிடிபடும் அந்த நொடியில் கிளம்பத் தயாராக இருங்கள்.

கடைசிக் குழுவில் நான்கு பேர், அதில் இருவர் உங்கள் அணி என்றால் பாதி ரேஸ் கையில் இருக்கிறது. அதைத் தொலைக்கும் வழி ஒன்றுதான்: வேகமாக ஸ்பிரிண்ட் பண்ணுகிறவர் முதலில் அட்டாக் பண்ணுவது. போக வேண்டியவர் ஸ்பிரிண்டில் மெதுவானவர். மற்றவர் துரத்துகிறவர்களின் பின்சக்கரத்தில் ஓய்வெடுக்கிறார். துரத்திப் பிடித்ததும், அவர்கள் மூச்சு வாங்கும் அந்த இரண்டு மூன்று நொடியில், மெதுவானவரே மறுபடியும் போகிறார். மூன்று முறை இப்படிச் செய்தால் எதிராளிகள் இருவரில் யார் இழுப்பது என்று அவர்களுக்குள் சண்டை வரும். முதலாமவர் இன்னும் 10 விநாடி முன்னால் இருக்கும்போதே பொறுமையில்லாமல் இரண்டாமவர் கிளம்பினால் அத்தனையும் வீண். தயவுசெய்து பயிற்சியில் இதை நான்கு பேரை வைத்து ஓட்டிப் பாருங்கள், போர்டில் வரைந்து காட்டினால் ஏறாது.

மொத்த நேரத்தில் கழித்துக்கொடுக்கும் போனஸ் விநாடிகளில் ஒரு குழப்பம் எப்போதும் வரும். பெரிய டூர்களில் கட்ட முடிவில் முதல் மூவருக்கு 10, 6, 4 விநாடி. லீடரால் அந்த மூன்றில் வர முடியாதபோது அணிக்காரர் எடுப்பது நல்லது, எதிரிக்குப் போகவிருந்ததைத் தடுக்கிறார். லீடரால் வர முடியும்போது அவரைத் தாண்டிப் போவதுதான் தவறு. 2011 வுவெல்டாவில் ஸ்கை அணியின் ஃப்ரூம் 13 விநாடியில் இரண்டாவதாக முடித்தார் (வென்றவர் ஊக்கமருந்து வழக்கில் நீக்கப்பட்டதால் 2019இல் வெற்றி ஃப்ரூமுக்கே வந்தது). அணியின் லீடர் விகின்ஸுக்காக அவர் உழைத்த நாட்களை நினைத்தால் விநாடிகள் எவ்வளவு விலை என்று புரியும்.

கோச்சுகளுக்கு ஒரு எச்சரிக்கை: இந்தப் போட்டி ரேஸில் தெரிவதற்கு மாதங்களுக்கு முன்பே பயிற்சியில் தெரியும். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டும்போது ஒருவர் எப்போதும் அரைச் சக்கரம் முன்னால் இருப்பார். அடுத்தவர் ஈடுகட்ட, அவர் மறுபடி அரைச் சக்கரம். நான்கு மணி நேர நிதான ஓட்டம் இரண்டாவது மணி நேரத்திலேயே ரேஸ் ஆகிவிடும். பெடலில் போட்ட சக்தியைப் பதிவு செய்யும் பவர் ஃபைலை இருவருக்கும் சேர்த்துத் திறந்து பாருங்கள், கோடு ஒன்றாகவே ஏறும். அன்றே கூப்பிட்டுப் பேசுங்கள். டெஸ்ட் எண்களை எல்லோர் முன்னும் சுவரில் ஒட்டுவதையும் நிறுத்துங்கள்.

முடிவெடுத்தால் ஒருவருக்கு வலிக்கும். 2012 டூரில், லா தூசுவீர் ஏற்றத்தில் லீடர் விகின்ஸை விட்டு முன்னால் போன ஃப்ரூமை ரேடியோவில் நிறுத்தினார்கள். விகின்ஸ் வென்றார், ஃப்ரூம் 3 நிமிடம் 21 விநாடியில் இரண்டாவது. அநியாயம் என்றவர்கள் பலர். ஆனால் யாருக்காக ஓட்டுகிறோம் என்று அந்த அணிக்குத் தெரிந்திருந்தது, அடுத்த ஆண்டு லீடர் ஃப்ரூம். 2018 டூரில் அதே அணியில் தாமஸ் மஞ்சள் ஜெர்சியில் இருக்க, போர்ட்டே ஏற்றத்தில் ஃப்ரூம் பின்தங்கினார். அங்கிருந்து அவர் தாமஸுக்காக ஓட்டினார், தாமஸ் வென்றார், ஃப்ரூம் மூன்றாவதாக மேடை ஏறினார்.

லீடர் இடம் கைமாறும்போது, இழப்பவரிடம் முதலில் தனியாகச் சொல்லுங்கள். பஸ்ஸில் மற்றவர்கள் முன்னால் வேண்டாம், ரேடியோவில் வேண்டவே வேண்டாம், பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ள விடாதீர்கள். அடுத்து அவருக்கு எந்த ரேஸில் லீடர் இடம் என்பதைத் தேதியோடு சொல்லுங்கள். வீரர்களே, ரேஸ் முடிந்து மைக் நீட்டப்படும்போது அணிக்காரரைப் பற்றி எதுவும் சொல்லாமல் பஸ்ஸுக்குப் போங்கள். இரவு மீட்டிங்கில் கேளுங்கள், கோபமாகவே கேளுங்கள். மீட்டிங்கில் டைரக்டர் ரோடே முடிவு பண்ணட்டும் என்று ஆரம்பித்தால் கையைத் தூக்குங்கள். எனக்குப் பஞ்சர் ஆனால் யார் நிற்பார், அவர் முன்னால் போனால் நான் என்ன செய்வது, எத்தனை நிமிடத்தில் மாறும் என்ற மூன்றுக்கும் பதில் வரும்வரை இருக்கையை விட்டு எழாதீர்கள்.