இறங்க இறங்க ஏறும் வெப்பம்

மலையேறும்போது கஷ்டம் முதலில் வரும். உடம்பு தளர்ந்து திரும்பும் நேரத்தில் மீதி வழி இறக்கம். அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் இந்தக் கணக்கு தலைகீழ். காலைக் குளிரில் விளிம்பிலிருந்து சுகமாக இறங்கிவிடலாம். கால் ஓய்ந்த பிறகு, உச்சி வெயிலில், இறங்கிய உயரம் முழுவதையும் ஏறியாக வேண்டும். ஆகவே இங்கே ஒரு நாள் நடைக்குக் கிளம்புகிறவர் கிலோமீட்டரை எண்ணுவதற்கு முன் வெப்பத்தின் கணக்கைப் போட்டுவிடுவது நல்லது.

தென் விளிம்பில் பிரைட் ஏஞ்சல் பாதை தொடங்கும் இடத்தின் உயரம் சுமார் 2,090 மீட்டர். கீழே கொலராடோ ஆறு ஓடுவது சுமார் 730 மீட்டரில். கீழே போகப்போகக் காற்றின் அழுத்தம் கூடும். அழுத்தப்படும் காற்று சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுகிறதே, அதே விஷயம்தான். பகலில் மேலும் கீழுமாகக் கலந்துகொண்டிருக்கும் வறண்ட காற்றில், ஒரு கிலோமீட்டர் இறக்கத்துக்கு ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் கூடுகிறது. விளிம்பில் 27 டிகிரி என்றால் ஆற்றங்கரையில் 40. அதுவும் நிழலில் அளந்தது. வெயிலில் காய்ந்த பாறைச் சுவர்கள் இரு பக்கமும் வீசும் அனல் தனி.

பாதை எங்கே செங்குத்தாகும் என்பதைப் பாறைதான் முடிவு செய்கிறது. மென்மையான களிப்பாறை கரைந்து சரிவாகும்; கெட்டியான சுண்ணாம்புக்கல்லும் மணற்கல்லும் சுவராக நிற்கும். அந்தச் சுவர்களில் பாதை கொண்டை ஊசி வளைவுகளாகத்தான் இறங்க முடியும். ரெட்வால் என்ற சுண்ணாம்புக்கல் அடுக்கு இதற்கு நல்ல உதாரணம். சுமார் 34 கோடி ஆண்டுப் பழமை. தூரத்திலிருந்து செக்கச்செவேல் என்றிருக்கும். உடைந்த துண்டு ஒன்றைப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறம். மேலடுக்குகளிலிருந்து மழைநீரில் வழிந்த இரும்புத் துருவே அதன் சிவப்பு. பிரைட் ஏஞ்சலில் 4.8 கிலோமீட்டரில் உள்ள மூன்று மைல் ஓய்விடத்துக்குக் கீழே பாதை இந்த அடுக்கில் சுற்றிச் சுற்றி இறங்குகிறது. இறங்கும்போது ரசிக்கத்தக்க இடம். திரும்பும்போதோ, நாளின் மிகச் சூடான நேரத்தில் எதிரே வரும் முதல் பெரிய ஏற்றம்.

இப்போது உடம்பின் கணக்கு. ஆளும் பையுமாக 75 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1,000 மீட்டர் ஏறத் தேவையான வேலை சுமார் 735 கிலோஜூல். ஆனால் தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் வேலையாகிறது, மீதி வெப்பம். அதாவது, ஏறுவதால் மட்டும் 2,200 கிலோஜூலுக்கு மேல் வெப்பம் உடம்பில் சேரும். காற்று தோலைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் அதில் ஒரு பகுதியை அது வாங்கிக்கொள்ளும். 35 டிகிரியைத் தாண்டிவிட்டால் காற்றே நம்மைச் சூடாக்கத் தொடங்குகிறது. அப்போது மிஞ்சும் ஒரே வழி வியர்வை. ஒரு லிட்டர் முழுவதும் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெளியேறும்.

வறண்ட காற்றில் வியர்வை அந்த நொடியே ஆவியாகிவிடுவதால், மணிக்கு ஒரு லிட்டர் போனாலும் சட்டை நனையாது. "எனக்கு வியர்க்கவே இல்லை" என்று பலர் ஏமாறுவது இதனால்தான். கருநிறச் சட்டையின் முதுகிலும் தொப்பியின் ஓரத்திலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும் கோடுகளைப் பாருங்கள். அது உப்பு. ஒரு லிட்டர் வியர்வையில், ஆளுக்கு ஆள் மாறினாலும், அரை டீஸ்பூன் அளவுக்குக்கூட உப்பு போகலாம்.

இங்கேதான் நல்லெண்ணத்தோடு செய்யும் தவறு நடக்கிறது. எதுவும் சாப்பிடாமல் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். மருத்துவர்கள் இதை ஹைப்போநட்ரீமியா என்பார்கள். தலைவலி, குமட்டல், குழப்பம் எல்லாம் நீரிழப்பு போலவே இருக்கும். அதற்கு மேலும் தண்ணீர் கொடுத்தால் ஆபத்து முற்றும். பிரித்தறிய ஒரு தடயம் உண்டு. தாகமே இல்லாமல் சிறுநீர் தெளிவாக அடிக்கடி போய், விரல் வீங்கி மோதிரம் இறுகினால் குடித்தது அதிகம். சிறுநீர் குறைந்து அடர் நிறமானால் குடித்தது போதவில்லை. தாகத்துக்கேற்ப மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை குடித்து, கூடவே உப்பு பிஸ்கட்டோ உப்பிட்ட பருப்போ கொறித்துக்கொண்டே போவதுதான் சரி. பேச்சு குளறினால், நடை தள்ளாடினால் வெப்பத்தாக்கு என்று கொண்டு உடனே நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து விசிறுங்கள். உதவிக்கு ஆள் அனுப்புவதும் அதே நேரத்தில் நடக்கட்டும்.

தண்ணீருக்குக் குழாயை மட்டும் நம்ப முடியாது. 1960களில் போட்ட குழாய் அடிக்கடி உடைகிறது. கிளம்பும் அன்று பூங்கா அலுவலர்களிடம் கேட்பதும், சுத்திகரிப்பு மாத்திரை வைத்திருப்பதும் அவசியம். தென் விளிம்பிலிருந்து இறங்கும் இன்னொரு பாதையான சவுத் கைபாபில் தண்ணீர் கிடையாது. முகட்டின் மேலேயே போவதால் நிழலும் அரிது.

ஏறுவதற்கு இறங்கிய நேரத்தைப்போல் இரு மடங்கு ஆகும். எனவே கையில் ஆறு மணி நேரம் இருந்தால், எந்த இடத்தில் நின்றாலும் இரண்டாவது மணியில் திரும்பிவிட வேண்டும். பிரைட் ஏஞ்சலில் 2.4 கிலோமீட்டரில் முதல் ஓய்விடம், 4.8-இல் அடுத்தது. கோடையில் பெரும்பாலோருக்கு இதற்குமேல் வேண்டாம். ஆறு வரை போய் அன்றே திரும்புவதைப் பூங்கா நிர்வாகமே வேண்டாம் என்கிறது.

காலை 10 முதல் மாலை 4 வரை ஏற்றத்தில் இருக்கக் கூடாது. 7.2 கிலோமீட்டரில் உள்ள ஹவாசுபாய் கார்டன்ஸ் வரை இறங்கி நேரம் தப்பிவிட்டதா? அங்கே மரநிழலும் ஓடையும் உண்டு. நான்கு மணிவரை அங்கேயே இருங்கள். கிளம்பும்போது பருத்திச் சட்டையைத் தண்ணீரில் முக்கி அப்படியே போட்டுக்கொண்டால், உடம்பின் வியர்வைக்குப் பதில் ஓடைத் தண்ணீர் ஆவியாகும். விளிம்பைத் தொடும் முன் இருட்டிவிடலாம் என்பதால் பையில் டார்ச் இருக்க வேண்டும்.