பல்பின் மேல் பழி போடாதீர்கள்

போன மாதம் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தன் பழைய பெட்ரோல் காரை என் ஒர்க்ஷாப்புக்குக் கொண்டு வந்தார். வண்டிக்கு வயது 24. "தம்பி, ராத்திரி தொப்பூர் இறக்கத்தில் வரும்போது ரோடு எங்கே திரும்புகிறது என்றே தெரியவில்லை" என்றார். ஒரே வருடத்தில் மூன்று செட் ஹெட்லைட் பல்பு மாற்றியிருக்கிறார், கடைசியாக யாரோ சொன்னதைக் கேட்டு 60/55 வாட்ஸ் (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55) இருந்த இடத்தில் 100/90 மாட்டிவிட்டார். ஹோல்டரைக் கழற்றினேன். பாதி உருகிப்போய், மிச்சம் அப்பளம் மாதிரி கையோடு நொறுங்கி வந்தது.

"சார், பழைய பல்பு எங்கே?"

"டேஷ்போர்டில் கிடக்கிறது. அது எரியாத பல்பு தம்பி."

நன்றாகவே எரிந்தது. புது ஹோல்டர் வைத்து அதையே மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு அளந்தேன். பேட்டரியில் 13.9 வோல்ட், பல்பு முனையில் வெறும் 11.2. நடுவில் 2.7 வோல்ட்டை வண்டியே தின்றுவிட்டது. ஹாலஜன் பல்புக்கு வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும், இங்கே குறைந்ததோ 20 சதவீதத்துக்கு அருகில்.

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள், சில மெக்கானிக்குகளும் சேர்த்துத்தான். ஹோல்டரைக் கழற்றி மீட்டரை வைத்துப் பார்த்தால் 12 வோல்ட் சுத்தமாகக் காட்டும், சரி ஒயரில் குறையில்லை என்று பல்பு வாங்கப் போய்விடுவார்கள். ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் அப்படித்தான் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்டே இழுப்பதில்லை. பைப் பாதி அடைத்திருந்தாலும், குழாயை மூடியிருக்கும்வரை அழுத்தம் முழுதாகத்தான் இருக்கும், திறந்தால்தான் சொட்டுவது தெரியும். அதனால் பல்பு மாட்டியபடி, எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரி மைனஸில், இன்னொன்று ஹோல்டரின் எர்த் ஒயரில், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் ஒயரில். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் கோளாறு. அப்புறம் பேட்டரி பிளஸ்ஸில் இருந்து ஹோல்டரின் பிளஸ்ஸுக்கு, அங்கே அரை வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது.

வாத்தியார் வண்டியில் எர்த் பக்கம் மட்டும் 1.1. டிங்கரிங், பெயின்டிங் முடித்தவர்கள் எர்த் போல்ட்டுக்கு அடியிலும் அழகாக பெயின்ட் அடித்து மேலேயே முடுக்கிவிட்டார்கள், அதற்குள் பச்சைக் களிம்பு வேறு. சுரண்டி, ஒயர் முனைக்குப் புது லக் (போல்ட்டில் மாட்டும் வளையம்) அடித்து, வாஸலின் தடவி முடுக்கினேன், பத்து நிமிஷ வேலை. ஒரு பக்கம் மட்டும் மங்கினாலோ, டிம் போட்டால் பிரைட்டும் சேர்ந்து லேசாகச் சிவந்தாலோ, முதலில் எர்த்தைத்தான் சந்தேகப்படுங்கள். திரும்பிப் போக வழி கிடைக்காத கரண்ட் பல்பின் அடுத்த ஃபிலமென்ட்டுக்குள் புகுந்து போகிறது.

பிளஸ் பக்கம் போனது 1.6. பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் கரண்ட் முழுவதும் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் உள்ள, டிம்-பிரைட் மாற்றும் டிப்பர் சுவிட்ச் வழியாகத்தான் போய் வரும். இரண்டு 55 வாட்ஸுக்கு 9 ஆம்பியர், அதையே 24 வருஷமாகச் சுமந்து அதன் பாயின்ட் கருகிவிட்டது. 90 வாட்ஸ் இரண்டு மாட்டினால் 15 ஆம்பியர், அதே ஒயரிலும் அதே கருகிய பாயின்ட்டிலும் சூடு ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஆகும். வெளிச்சம் வேண்டும் என்று மாட்டியது ஹோல்டரைத்தான் உருக்கியது. போதாததற்கு ஃபியூஸில் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாள் சுற்றியிருந்தது. யார் செய்தது என்று அவரைக் கேட்கவில்லை, கேட்டால் எனக்குத்தான் கோபம் வரும். ஒயர் எரியாமல் காப்பதற்குத்தான் ஃபியூஸ், அதில் தாளைச் சுற்றினால் அடுத்து எரியப்போவது ஒயர்தான்.

டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே வைத்தேன். ரிலே என்றால் சின்ன கரண்டை வைத்துப் பெரிய கரண்டைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச். பேட்டரியில் இருந்து நேராக 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர், பிளஸ்ஸில் இருந்து ஒரு சாணுக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ். இனிமேல் சுவிட்ச் ரிலேயைத் தட்டி எழுப்பினால் போதும், சுமை அதற்கு இல்லை. முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் எதையும் விட்டுவைக்கவில்லை. இப்போது பல்பு முனையில் 13.5, பழைய பல்பிலேயே வெளிச்சம் ஏறக்குறைய இரு மடங்கு.

இப்படி வோல்டேஜ் சரியாக வந்தும் மங்கலாகவே இருந்தால், ரிஃப்ளெக்டரின் பூச்சு போயிருக்கும். அதற்கு ஒயரிங்கில் மருந்து கிடையாது, லைட்டையே மாற்ற வேண்டியதுதான். ஹாலஜன் லைட்டுக்குள் எல்இடி திணிக்க வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன், எதிரில் வருகிறவன் கண் கூசும். பல்பு அடிக்கடி ஃபியூஸ் ஆகிறது என்றால் கதை நேர் எதிர், எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 15 வோல்ட்டைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் சார்ஜ் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர்தான் காரணம்.

வாத்தியார் வண்டியில் கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. வெளிச்சம் போதவில்லை என்று யாரோ இரண்டு லைட்டையும் மேலே தூக்கி வைத்திருந்தார்கள். சுவருக்கு முன் நிறுத்தி ஸ்க்ரூவைத் திருகி இறக்கிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன்.