பிள்ளை பெற்ற அறைக்குள் தணற்சட்டி வேண்டாம்

தலை வெடிக்கிறது என்று சொல்லிச் சொல்லி வாந்தி எடுத்தபடி அந்தப் பெண் வந்தபோது அதிகாலை 4.30 மணி. பிள்ளை பிறந்து 18 நாட்கள்தான் ஆகியிருந்தன. குழந்தையை ஏந்தி வந்தவர் அவளுடைய தாயார். அவருக்கும் தலைச்சுற்று, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். குழந்தை பாலுக்கு அழாமல் துவண்டு கிடந்தது. மூன்று நாட்களாக விடாத மழை, கூடவே வாடைக்காற்று. “கூதல் பிடித்துவிட்டது டொக்டர்” என்பதுதான் வீட்டார் சொன்ன காரணம்.

ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. ஒரே அறையில் படுத்த மூவருக்கும் ஒரே இரவில் ஒரே வருத்தம் வந்திருக்கிறது. பக்கத்து அறையில் படுத்த தகப்பனுக்கு ஒன்றுமில்லை. அறைக்குள் என்ன இருந்தது என்று நான் மூன்றாம் முறை கேட்டபோதுதான் அம்மம்மா சொன்னார்: “தணற்சட்டி வைத்திருந்தோம். ஆனால் புகையே இல்லை. சிரட்டையை முற்றத்தில் எரித்து, நன்றாகக் கனிந்த பிறகுதான் உள்ளே கொண்டுவந்தேன்.”

இந்த மாரியில் நான் பார்க்கும் மூன்றாவது வீடு இது. மூன்று வீட்டிலும் “புகையே இல்லை” என்ற ஒரே பேச்சுத்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

புகை வேறு, நஞ்சு வேறு. கண்ணை எரிக்கும், இருமலைக் கொண்டுவரும், சுவரைக் கறுப்பாக்கும் புகையை நாங்கள் காண்கிறோம். கண்டதும் எழுந்து யன்னலைத் திறக்கிறோம். அந்த வகையில் புகை எங்களை எச்சரிக்கிறது. கனிந்த தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு (carbon monoxide) என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது கண்ணை எரிக்காது, இருமலையும் கொண்டுவராது. தூங்குகிறவரை எழுப்பாது, இன்னும் ஆழமாகத் தூங்க வைக்கும். சிரட்டைக்கரி நன்றாகக் கனிந்து சிவந்திருக்கும்போது அதன்மேல் மெல்லிய நீலச் சுடர் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது காபனோரொட்சைட்டு எரியும் சுடர். அந்தச் சுடர் அடங்கிய பின்னும் தணல் அந்த வாயுவை விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. எரிந்து தீராமல் அப்படியே அறைக்குள் கலக்கிறது. விடியும்வரை தணல் நிற்கட்டும் என்று மேலே சாம்பலைத் தூவி மூடுகிறோமே, அது இன்னும் மோசம். காற்றுக் குறைவாகக் கிடைக்கும் தணல் மெதுவாகக் கனன்றுகொண்டு, மணிக்கணக்காக அதே வேலையைச் செய்கிறது.

ஆகவே தயவுசெய்து இதை ஒரு முறைக்கு இரு முறை வாசியுங்கள். புகை அடங்கிய தணல் பாதுகாப்பான தணல் என்பது தவறு. விறகு புகைந்தால் நீங்கள் அறையை விட்டு ஓடியிருப்பீர்கள். கனிந்த தணல் உங்களை அறைக்குள்ளேயே இருத்தி வைக்கிறது. புகையில்லை என்ற நம்பிக்கையோடு கதவைச் சாத்தி, இடுக்கில் துணியையும் செருகிவிட்டுப் படுத்தால், அந்த அறையிலிருக்கும் மூன்று பேரின் மூச்சும் அந்தச் சட்டியை நம்பித்தான் இருக்கிறது.

“வாயு மேலே போய்விடும், நாங்கள் கீழே பாயில்தானே படுக்கிறோம்” என்றார் இன்னொரு வீட்டுக்காரர். போகாது. அதன் எடை ஏறக்குறைய காற்றின் எடைதான்; அறை முழுவதும் கலந்து நிற்கும். கட்டிலில் படுத்தாலும் பாயில் படுத்தாலும் ஒன்றுதான். “ஒரு விரல் அளவுக்கு யன்னல் திறந்திருந்தது” என்பதும் பதிலாகாது.

அடுத்ததாக வருவது, “எங்கள் ஆச்சிமார் எல்லாரும் இப்படித்தானே செய்தார்கள், அவர்களுக்கு ஒன்றும் வரவில்லையே?” என்ற கேள்வி. நியாயமான கேள்வி, பதில் சொல்லத்தான் வேண்டும். ஆச்சி பிள்ளை பெற்ற வீட்டை நினைத்துப் பாருங்கள். கிடுகோ ஓடோ வேய்ந்த கூரை. சுவருக்கும் கூரைக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி. பலகைக் கதவு, அதன் நீக்கல் வழியே வெளிச்சம் தெரியும். வசதியான வீடென்றால் நடுவில் வானம் பார்த்த முற்றத்தோடு நாற்சார் வீடு. காற்று போய் வருவதை யாரும் தடுக்க முடியாத வீடுகள் அவை. இன்று கட்டுகிற வீட்டில் மேலே கொங்கிறீற்றுத் தட்டு, அல்லது ஓட்டுக்குக் கீழே சீலிங். அலுமினியச் சட்டத்தில் நகரும் கண்ணாடி யன்னல். குளிரூட்டி வைப்பதற்காகவே காற்றுத் துவாரம் வைக்காமல் கட்டிய அறை. தணற்சட்டி ஆச்சியுடையதுதான், அறை ஆச்சியுடையதில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகளின் காசில் புதிதாகக் கட்டிய வீடுகளிலிருந்துதான் அந்த மூன்று குடும்பங்களும் வந்தன.

கோவிட் காலத்தில் வாங்கி வைத்த, விரலில் மாட்டி ஒட்சிசன் அளக்கும் விரல்மானி பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்தப் பெண்ணைக் கொண்டுவரும் வழியில் வீட்டார் முச்சக்கர வண்டிக்குள்ளேயே அளந்திருக்கிறார்கள்; 98 காட்டியிருக்கிறது. “ஒட்சிசன் நல்லாயிருக்கிறதே” என்று கொஞ்சம் ஆறுதலும் அடைந்திருக்கிறார்கள். காபனோரொட்சைட்டு, குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினோடு ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு சேர்கிறது. சாதாரண விரல்மானிக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது. ஒட்சிசன் ஏறிய குருதி என்று நினைத்து நல்ல எண்ணையே காட்டும். இந்த நஞ்சில் அந்த எண்ணை நம்பக் கூடாது. இதை இளம் வைத்தியர்களுக்கும் ஒவ்வொரு மாரியிலும் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறது. முகம் செந்நிறமாக இருக்கும் என்று புத்தகத்தில் படித்துவிட்டு அதைத் தேடுவார்கள். உயிரோடு வருகிறவரிடம் அதை மிக அரிதாகவே காணலாம்.

குழந்தை பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுகிறது. அதனால் அதற்கு முதலில் ஏறும். கர்ப்பிணியின் வயிற்றிலிருக்கும் சிசுவின் நிலை இன்னும் மோசம். தாய் தெளிந்து எழுந்து உட்கார்ந்த பிறகும் சிசுவின் குருதியில் அது தங்கி நிற்கும். சுத்தமான ஒட்சிசன் கொடுத்தால் பெரியவர் ஒருவரின் குருதியிலுள்ள அளவு ஏறத்தாழ 60 முதல் 90 நிமிடங்களில் பாதியாகும். வெறும் காற்றில் அதற்கு 4, 5 மணித்தியாலம் வேண்டும். “வெளியில் கொண்டுவந்து விசிறினோம், தெளிந்துவிட்டது, அதனால் வரவில்லை” என்று ஒரு வாரம் கழித்து வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. சிலருக்கு நன்றாகத் தெளிந்த பின்னும், சில நாட்களோ சில வாரங்களோ கழித்து மறதி, தடுமாற்றம், குணமாற்றம் என்று மூளைப் பாதிப்புத் தெரியவரலாம். தெளிந்தாலும் வாருங்கள்.

சரி, கூதலுக்கு என்ன செய்வது?

பயப்படுவதில் நியாயம் உண்டு. யாழ்ப்பாணத்தில் மார்கழி, தை மாதங்களில்கூட வெப்பநிலை 20 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்குவது அரிது. ஆனால் 2022 டிசம்பரில், மாண்டஸ் புயல் நேரத்தில், வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் கூதலில் செத்து விழுந்ததை நாங்கள் மறக்கவில்லை. அவை உறைபனியில் நிற்கவில்லை. நனைந்த உடம்போடு, ஒதுங்க இடமில்லாமல், காற்றில் நின்றன. ஈரமும் காற்றும் சேர்ந்தால் உடம்புச் சூடு மளமளவென்று இறங்கும். வீட்டுக்கும் அதே கணக்குத்தான். உடம்பு காய்ந்திருந்து, நேர்க்காற்றுப் படாமல் இருந்தால் எங்கள் ஊர்க் கூதலுக்கு நெருப்புத் தேவையே இல்லை.

அந்த அம்மம்மா இரண்டாம் நாள் விடுதியில் என்னிடம் கேட்டார்: “தணல் வைக்காமல் பிள்ளையை எப்படி ஐயா சூடாக வைத்திருப்பது?” அவருடைய கையைப் பிடித்துக் குழந்தையின் வயிற்றில் வைத்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. பிறகு பாதத்தில் வைத்தேன், சில்லென்று இருந்தது. வயிறு சூடு, பாதம் குளிர் என்றால் குழந்தைக்குக் கூதல் தொடங்குகிறது என்று அர்த்தம். இரண்டும் குளிர்ந்தால் அவசரம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுவர வேண்டும். தாதி ஒருவர் குழந்தையின் சட்டையைக் கழற்றி, அணையாடையும் தொப்பியும் மட்டும் விட்டு, தாயின் வெறும் நெஞ்சில் நெஞ்சு படக் கிடத்தி, மேலே தாயின் சட்டையையும் கம்பளிச் சால்வையையும் போர்த்தினார். முகம் வெளியே, மூக்கு மூடாமல். சுற்று முடித்துத் திரும்பியபோது அம்மம்மாவே பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சூடு பிடித்துவிட்டது.” நிறை குறைந்து பிறந்த பிள்ளைகளையே இந்த முறையில்தான் காப்பாற்றுகிறோம். புதிதாகப் பிறந்த பிள்ளைக்கு 36.5 முதல் 37.5 பாகை வரை வேண்டும். தாயின் நெஞ்சு அதைக் கொடுக்கும்.

நனைந்த அணையாடையை உடனே மாற்றுங்கள். கடும் மழைநாளில் குளிக்க வார்ப்பதை நிறுத்தி, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து உடனே ஈரம் ஒற்றுங்கள். குளிக்க வார்த்துத்தான் ஆகவேண்டும் என்றால் நண்பகலில். தலைமயிர் காயவென்று சாம்பிராணிப் புகைக்கு மேல் பிள்ளையைப் பிடிக்காதீர்கள், துவாய் போதும். போர்வையை முகத்துக்கு மேல் இழுத்து மூடாதீர்கள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்குக் கறியையோ, வேப்பிலை அவித்த நீரையோ, 31 நாள் துடக்கு காப்பதையோ நான் எதிர்க்கவில்லை. சட்டியை மட்டும் வெளியே வையுங்கள். பெரியவர்கள் குளிர்காய வேண்டுமென்றால் முற்றம் இருக்கிறது, திறந்த விறாந்தை இருக்கிறது. அங்கே காய்ந்துவிட்டு, தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு உள்ளே வாருங்கள்.

மழை நாட்களில் வீட்டைப் பராமரிப்பதிலும் இரண்டொரு தவறுகளைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். ஈர உடுப்புகளைப் படுக்கை அறைக்குள் கொடி கட்டிக் காயப்போடுவது ஒன்று. அறை ஈரமாகி, அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் பிடித்து, தொய்வுக்காரப் பிள்ளைக்கு முட்டு இழுக்கத் தொடங்கும். விறாந்தையில் போடுங்கள். மழை விட்ட நேரத்தில் எதிரெதிர் யன்னல்களைத் திறந்து கொஞ்ச நேரம் காற்றை ஓட விடுங்கள். கூதல் வந்துவிடும் என்று நாள் முழுவதும் சாத்தி வைக்காதீர்கள். பூட்டிய அறைக்குள் நுளம்புத்திரி கொளுத்துவது இன்னொன்று. ஒரு திரி எரிந்து முடியும்போது விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று ஓர் ஆய்வு அளந்து சொல்லியிருக்கிறது. மாரியில் டெங்கு இருக்கிறது, நுளம்பைத் தடுக்கத்தான் வேண்டும். நுளம்புவலை கட்டுங்கள். டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும். பகலில் தூங்கும் பிள்ளைக்கும் வலை வேண்டும்.

நீரிழிவுக்காரர்கள் காலை நெருப்பருகில் நீட்டிச் சூடு காட்ட வேண்டாம். சுடுநீர்ப் பையும் காலில் வேண்டாம். உணர்ச்சி குறைந்த பாதத்துக்குச் சுடுவது தெரியாது, கொப்புளத்தை அடுத்த நாள்தான் காண்பீர்கள். காலுறை போடுங்கள்.

மின்சாரம் போன நேரத்து ஜெனரேட்டரும் தணற்சட்டியின் உடன்பிறப்புத்தான், இன்னும் வேகமானது. மழையில் நனைந்துவிடும் என்று அதை விறாந்தையிலோ கராஜுக்குள்ளோ இழுத்து வைக்காதீர்கள். வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைவாய் வீட்டைப் பார்க்காதபடி, தனியே ஒரு கூரைக்குக் கீழ் வையுங்கள். அப்படி வைக்க இடமில்லையென்றால் அதை இயக்கவே வேண்டாம். ஓர் இரவு விளக்கில்லாமல் இருந்தால் ஒருவரும் சாகமாட்டார்கள். 90களில் ஜாம் போத்தல் விளக்கோடு ஆண்டுக்கணக்காக இருந்த ஊர் இது.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களிடம் ஒரு வேண்டுகோள். கனடாவின் ஒன்ராறியோவில், எரிபொருளில் இயங்கும் சூடாக்கியோ ஒட்டிய கராஜோ உள்ள வீட்டுக்குள் காபனோரொட்சைட்டு எச்சரிப்பு மணி வைத்திருப்பது சட்டப்படி கட்டாயம். உங்கள் வீட்டுப் படுக்கை அறைக்குப் பக்கத்தில் அந்த வெள்ளைப் பெட்டி இருக்கும். அடுத்த முறை ஊருக்கு வரும்போது பற்றரியில் இயங்கும் ஒன்றைப் பயணப்பொதிக்குள் வையுங்கள். புகைக்கு அடிக்கும் மணி வேறு, இது வேறு, பார்த்து வாங்குங்கள். காலாவதித் திகதியையும் பாருங்கள். அதை மாட்டிவிட்டு அம்மாவிடம் சொல்லுங்கள்: மணி வீட்டில் இருக்கிறது என்பதற்காகத் தணற்சட்டியை உள்ளே கொண்டுவரக் கூடாது.

கூதல் இரவில் ஒரே அறையில் படுத்த இருவருக்கோ மூவருக்கோ காய்ச்சலில்லாமல் தலையிடி, வாந்தி, தலைச்சுற்று வந்தால், அல்லது ஒருவரை எழுப்பி எழும்பவில்லை என்றால், காரணத்தை ஆராய்ந்துகொண்டு நிற்காதீர்கள். கதவையும் யன்னலையும் அகலத் திறவுங்கள். எல்லாரையும் வெளியே கொண்டுவாருங்கள், குழந்தையை முதலில். சட்டியை அணைக்க உள்ளே திரும்பிப் போகாதீர்கள். தேசிக்காய்த் தண்ணீர், கசாயம் ஒன்றும் பருக்க வேண்டாம். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். வைத்தியசாலைக்கு வந்ததும் கூதல் பிடித்த கதையைப் பிறகு சொல்லலாம். கதவில் நிற்கும் தாதியிடமே முதலில் மூன்று சொற்களைச் சொல்லுங்கள்: “அறைக்குள் தணல் இருந்தது.”