துக்கத்துக்குக் கெடு வைப்பது யார்?

மனச்சோர்வு நோயை உறுதிப்படுத்த ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. தைராய்டு குறைபாடு போன்ற பிற காரணங்கள் இல்லை என்று தெரிந்துகொள்ளவே மருத்துவர்களாகிய நாங்கள் ரத்தம் எடுக்கச் சொல்கிறோம். மனநோய்களை வரையறுக்கும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம் கையேட்டின்படி, ஒன்பது அறிகுறிகளில் ஐந்து இரண்டு வாரங்களுக்கு நீடித்து, அவற்றுள் ஒன்று தாழ்ந்த மனநிலையாகவோ எதிலும் நாட்டமின்மையாகவோ இருந்து, அன்றாட வாழ்க்கையையும் பாதித்தால் அது நோய்.

கணவரை இழந்து மூன்று வாரங்களான ஒரு பெண்மணியை அவருடைய மகன் அழைத்து வந்தார் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). "காரியம் முடிஞ்சும் அம்மா அழுகைய நிறுத்தல டாக்டர், டிப்ரெஷனா இருக்குமோ?" என்று கேட்டார். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, உடம்பில் தெம்பில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, நாளெல்லாம் அழுகை. எண்ணிப் பார்த்தால் ஐந்தும் தேறிவிடும். ஆனால் பேத்தி வந்து மடியில் ஏறினால் முகம் மலர்கிறது. கணவரின் குறும்புகளைச் சொல்லும்போது சிரிப்பும் வருகிறது. அவருக்கு நான் மாத்திரை எழுதவில்லை. அடுத்த மாதம் வரச் சொன்னேன்.

இத்தகையவர்களுக்காகவே 1994இல் வந்த டிஎஸ்எம் நான்காம் பதிப்பில் ஒரு விலக்கு இருந்தது. நெருங்கியவர் இறந்து இரண்டு மாதங்கள் வரை, தற்கொலை எண்ணம், தான் எதற்கும் உதவாதவர் என்ற ஆழ்ந்த நினைப்பு போன்ற கடுமையான அறிகுறிகள் இருந்தாலொழிய, மனச்சோர்வு நோய் என்று முத்திரை குத்தக்கூடாது. 2013இல் வெளியான ஐந்தாம் பதிப்பு அந்த விலக்கை நீக்கியது. மணமுறிவுக்கும் வேலையிழப்புக்கும் இல்லாத விலக்கு மரணத்துக்கு மட்டும் ஏன் என்பது நீக்கியவர்களின் வாதம். அப்படியானால் மற்ற இழப்புகளுக்கும் விலக்கை விரிவாக்குங்கள் என்று, மனநோய் வரையறைகளை ஆராயும் அமெரிக்கப் பேராசிரியர் ஜெரோம் வேக்ஃபீல்ட் எதிர்வாதம் வைத்தார். நான்காம் பதிப்புக் குழுவுக்குத் தலைமை வகித்த ஆலன் ஃபிரான்சஸே, இயல்பான துக்கம் நோயாக்கப்படுகிறது என்று கடுமையாக எதிர்த்தார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டு நூலான ஐசிடியின் 11ஆம் பதிப்போ, இழப்புக்குப் பின் ஒரு மாதமோ அதற்கு மேலோ இடைவிடாமல் நீடிக்கும் அறிகுறிகளைப் பார்க்கச் சொல்கிறது. ஒரே பெண்மணி, ஒரே கண்ணீர். எந்தப் புத்தகத்தைப் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறக்கூடும்.

விலக்கை நீக்கியது முற்றிலும் தவறு என்று நான் சொல்லமாட்டேன். மனைவி இறந்த சில வாரங்களிலேயே குளிப்பதை விட்டு, பேச்சு குறைந்து, "நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்ன ஒருவருக்குச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டிருந்தால் ஆபத்தாகியிருக்கும். துக்கம் அலை அலையாக வரும், தன்மதிப்பு பெரும்பாலும் குலையாது என்று ஐந்தாம் பதிப்பும் அடிக்குறிப்பில் சொல்லத்தான் செய்கிறது. புறநோயாளிகள் வரிசை வாசல்வரை நிற்கும் இடத்தில் அந்த அடிக்குறிப்புக்கு ஏது நேரம்? நேரம் இருந்தாலும் மருத்துவர்கள் ஒத்துப்போவார்கள் என்பதற்கு உறுதியில்லை. அந்தப் பதிப்புக்கான களச் சோதனையில் ஒரே நோயாளியை இரு மருத்துவர்கள் தனித்தனியே பார்த்தபோது, மனச்சோர்வு நோயில் அவர்களிடையே இருந்த ஒற்றுமை, 1 என்பது முழு ஒற்றுமையைக் குறிக்கும் அளவுகோலில், வெறும் 0.28. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோயிலோ அது 0.67.

2022இல் டிஎஸ்எம் திருத்தப் பதிப்பு 'நீடித்த துக்க நோய்' என்பதையும் சேர்த்தது. இழப்பு நேர்ந்து ஓராண்டாவது கடந்திருக்க வேண்டும் என்பது பெரியவர்களுக்கான கெடு. ஐசிடியில் அதே நோய்க்கு ஆறு மாதம். இந்த எண்கள் குழுக்கள் கூடி எடுத்த முடிவுகள்; ஆய்வுகளின் துணை உண்டு என்றாலும் இயற்கை வகுத்த எல்லைகள் அல்ல.

எனவே மருந்துச் சீட்டில் ஒரு நோயின் பெயரைக் கண்டால், எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தீர்கள், எப்போது மறுபரிசீலனை செய்வீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். சாக வேண்டும் என்ற பேச்சோ, சாப்பாடு தண்ணீரை அடியோடு மறுப்பதோ தெரிந்தால் மட்டும் எந்தக் கெடுவுக்கும் காத்திராமல் அன்றே அழைத்து வாருங்கள்.