எட்டு வண்டிக்கும் ஒரே வரம்பு வைத்த பிழை

பல்லடம் வட்டாரத்து நூற்பாலை ஒன்றில், கார்டிங் பகுதியில் (பஞ்சைச் சிக்கெடுத்துத் தடித்த இழையாக்கும் இடம்) அந்த இழையால் நிறையும் கேன்களை (உயரமான உருளைக் கலன்கள்) அடுத்த கட்டமான டிராயிங் பகுதிக்கு (இழைகளைச் சேர்த்து இழுத்துச் சீராக்கும் இடம்) கொண்டு சேர்க்க எட்டுத் தானியங்கி வண்டிகளை நிறுவிய குழுவில் நானும் இருந்தேன். பேட்டரி 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் சார்ஜ் ஏற்றப் போய்விட வேண்டும் என்ற ஒரே விதியை எட்டுக்கும் எழுதியிருந்தோம். ஒரே நேரத்தில் வேலையைத் தொடங்கி, ஏறத்தாழ ஒரே தூரம் ஓடிய அவை இரவு ஷிப்டின் நடுவில் ஒட்டுமொத்தமாகத் திரும்பிவிட, நிறைந்த கேன்கள் தேங்கி, கார்டிங் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. எந்த வண்டியும் பழுதாகவில்லை, விதிதான் பழுது.

பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் தேனீப் பெட்டி வைத்திருப்போர் இதற்கு நேர்மாறான ஏற்பாட்டைக் கண்டிருப்பார்கள். வெயில் ஏறும்போது முதலில் சில தேனீக்களே பெட்டி வாசலில் நின்று சிறகால் விசிறும். சூடு கூடக்கூட மற்றவை வந்து சேரும். ராணி பல ஆண் தேனீக்களோடு கூடுவதால் ஒரே கூட்டின் வேலைக்காரத் தேனீக்கள் பல தந்தையருக்குப் பிறந்தவை. ஒவ்வொரு தந்தைவழியும் வெவ்வேறு வெப்பநிலையில் விசிறத் தொடங்கும். இத்தகைய கூட்டில், ஒற்றைத் தந்தைவழிக் கூட்டைவிட, புழு வளரும் பகுதியின் வெப்பம் சீராக இருப்பதை 2004இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. எல்லாம் ஒரே டிகிரியில் விசிறத் தொடங்கி ஒரே டிகிரியில் ஓய்ந்தால், கூடு மாறிமாறிக் கொதிக்கும், குளிரும்.

இப்படி ஆளுக்கொரு வரம்பு வைத்து வேலை பகிரும் முறைக்குக் கணித வடிவம் தந்தவர்கள் போனபோ, தெரோலாஸ், தெனூபூர் ஆகிய ஆய்வாளர்கள் (1996). செய்யப்படாமல் கிடக்கும் வேலையின் தூண்டல் ஏறிக்கொண்டே போகும். அந்தத் தூண்டல் ஒரு பூச்சியின் சொந்த வரம்பைத் தாண்டும்போது அந்தப் பூச்சி வேலையில் இறங்கும். வேலை குறைந்ததும் தூண்டல் தணியும். ஆணையிட மேஸ்திரி தேவையில்லை. 2000இல் கிரீகர் என்ற ஆய்வாளரும் குழுவினரும் இதே முறையில் சிறு ரோபோக்களை இயக்கினார்கள்: ரோபோக் கூட்டத்தின் பொது ஆற்றல் இருப்பு தன் வரம்புக்குக் கீழே போனபோதுதான் ஒவ்வொன்றும் இரை தேடப் புறப்பட்டது, வரம்புகள் வேறுபட்டதால் எல்லாம் ஒன்றாகக் கிளம்பி முட்டிக்கொள்ளவில்லை.

நாங்கள் செய்த திருத்தமும் அவ்வளவே. சார்ஜ் வரம்பை வண்டிக்கு வண்டி 25 முதல் 45 சதவீதம் வரை பரப்பினோம். காத்திருக்கும் கேன்களின் எண்ணிக்கை கூடினால் சார்ஜில் நிற்பவற்றில் போதிய பேட்டரி உள்ளது எழுந்து வரும்படி செய்தோம். ஆள் குறுக்கே வந்தால் நிற்கும் விதியை மட்டும் தொடவில்லை. அது எட்டுக்கும் ஒன்றே, ஒன்றாகவே இருக்க வேண்டும்.

ஒரு வேலையைச் செய்யச் செய்ய, அதில் இறங்குவதற்கான வரம்பு தானாக இறங்கி, அதையே மீண்டும் விரும்பும் வகை வண்டி ஒன்றும் உண்டு. விற்பனையாளர்கள் அதைக் ‘கற்றுக்கொள்ளும் வண்டி’ என்று புகழ்வார்கள். வாங்குமுன், அந்த இறக்கத்துக்குக் கீழ் எல்லை வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். நாங்கள் வைக்காமல் விட்டுப் பார்த்தோம்: கார்டிங்குக்கு அருகில் நின்ற இரண்டு வண்டிகளே பெரும்பாலான கேன்களை இழுத்தன, மற்ற ஆறும் புதிது போல இருக்க, அந்த இரண்டுக்கும் சக்கரம் மாற்ற வேண்டியதாயிற்று.